தொட்டாச்சிணுங்கியின் சைகையும் பொலித்தீன் வேரும்: வன்னியில் தாவர ரோபோ செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இதில் சொல்லியபடி செய்து முடித்தால் உங்கள் கையில் மூன்று பொருட்கள் இருக்கும். ஒன்று, தொட்டாச்சிணுங்கியின் இலைக்காம்பில் ஓடும் மின் சைகையைக் கணினித் திரையில் காட்டும் கருவி. இரண்டாவது, மின்சாரம் இல்லாமலே ஈரத்தைக் கண்டு வளையும் காகித நாக்கு. மூன்றாவது, நுனியால் மட்டும் வளர்ந்து மதகுக்குள்ளும் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுக் குழாய்க்குள்ளும் புகக்கூடிய பொலித்தீன் வேர். சாமான்களில் பெரும்பகுதி கிளிநொச்சி, வவுனியா கடைகளிலேயே கிடைக்கும். சின்னச் சைகையைப் பெருக்கும் ஏடி 620 என்ற சிப்பையும், நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ பலகையையும் மட்டும் இணையத்தில் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டி வரலாம்.

உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பமோ உயிர்முறைமைகள் தொழினுட்பமோ படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இரு பாடக்காரரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒருவருக்குச் செடி தெரியும், மற்றவருக்குச் சுற்று தெரியும். இந்தத் துறைக்கு இரண்டும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த வசதி பல நாடுகளில் கிடைக்காது.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

செடிக்குத் தசை கிடையாது. அது அசைவதெல்லாம் தண்ணீரால். வழிகள் மூன்று. உயிருள்ள கலத்துக்குள் தண்ணீர் புகுந்தும் வெளியேறியும் நடக்கும் அசைவு முதலாவது. தொட்டாச்சிணுங்கி சுருங்குவது இப்படித்தான். காய்ந்துபோன, உயிரற்ற நார் ஈரத்தை உறிஞ்சி முறுகுவது இரண்டாவது. நுனியில் புதிதாக வளர்ந்து முன்னே போவது மூன்றாவது. வேரும் கொடியும் இந்த வகை. நாம் செய்யப்போகும் மூன்று பொருட்களும் இந்த மூன்று வழிகள்தான்.

செடியில் மின் சைகை உண்டு என்பது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1873இல் இங்கிலாந்தில் ஜோன் பேர்டன் சாண்டர்சன், டார்வின் சொன்னதன் பேரில், வீனஸ் பூச்சிப்பொறிச் செடியில் அதை அளந்து காட்டினார். பிறகு வங்காளத்தில் ஜகதீச சந்திர போஸ் தொட்டாச்சிணுங்கியை வைத்தே பல ஆண்டுகள் வேலை செய்தார். அவருடைய கருவிகள் பெரும்பாலும் உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்து கொடுத்தவை. எனவே ஆய்வுகூடம் இல்லையே என்று யாராவது அலுத்துக்கொண்டால் போஸை ஞாபகப்படுத்துங்கள்.

ரோபோப் பக்கம் இதைவிடப் புதிது. பூச்சிப்பொறியின் இலை ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கில் எப்படி மூடுகிறது என்பதை மகாதேவன் உள்ளிட்ட குழு 2005இல் விளக்கியது. இலை மெல்ல மெல்ல வளைவை மாற்றி, ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று மறுபக்கம் புரண்டுவிடுகிறது. 2012இல் இத்தாலியில் பார்பரா மத்சொலாய் குழு வேரைப் பார்த்து ‘பிளான்டொய்ட்’ என்ற ரோபோவைத் தொடங்கியது. அதே குழுவின் ‘ஃபிலோபொட்’ தன் தலையில் இருக்கும் முப்பரிமாண அச்சுப்பொறியால் தன் உடலைத் தானே அச்சடித்துக்கொண்டு வளர்கிறது. இது 2024இல் வெளிவந்தது. 2021இல் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் பூச்சிப்பொறி இலையில் மின்வாய் ஒட்டி, கைத்தொலைபேசியால் அதை மூடவைத்து, அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியைத் தூக்கக் காட்டினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: செடி

கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு தொட்டாச்சிணுங்கியைத் தேட வேண்டியதில்லை. தென்னங்காணியிலும் வயல் வரம்பிலும் காலில் முள்ளாகக் குத்தும். ஆவணியில் வேண்டுமென்றால் குளக்கட்டுக்குக் கீழே, கசிவு நிற்கும் இடத்தில் பாருங்கள். மாலையில், வேரோடு ஒரு கைப்பிடி மண்ணும் சேர்த்துத் தோண்டி, வெட்டிய கானிலோ தொட்டியிலோ வைத்து, இரண்டு கிழமை நிழலில் விடுங்கள். விதை போடுவதானால் சுடுநீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு நடுங்கள். விதையின் தோல் கடினம். சும்மா போட்டால் முளைக்க நேரம் எடுக்கும்.

தெரிந்த காணிக்குள் மட்டும் தோண்டுங்கள். காட்டோரம், பழைய மண் அணை, பதுங்குகுழிக் கரை பக்கம் செடி நன்றாகச் செழித்திருந்தாலும் வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை இல்லையென்பது அந்த இடம் துப்புரவு செய்யப்பட்டதற்குச் சாட்சி அல்ல.

நீளமான காம்புள்ள, முற்றிய ஆனால் கிழடு தட்டாத இலையைத் தெரிவு செய்யுங்கள். காம்பு தண்டில் சேரும் இடத்தில் சின்ன வீக்கம் ஒன்று தெரியும். அசைவின் இயந்திரம் அதுதான். சைகை அங்கே வந்து சேர்ந்ததும் அடிப்பக்கக் கலங்கள் பொற்றாசியத்தையும் குளோரைட்டையும் வெளியே விடுகின்றன. பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. அடிப்பக்கம் தளர, காம்பு விழுகிறது.

அகத்தி, புளி இரண்டுக்கும் இதே போன்ற வீக்கங்கள் உண்டு. அவை இரவானதும் இலையை மடிக்கும். தொலைபேசியை முக்காலியில் வைத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் அதுவே தனி ஆய்வாகிவிடும். ஆனால் முதல் முயற்சிக்கு அவை மிக மெதுவானவை.

படி 2: மின்வாய்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இது. செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, திரையில் கோடு அலைவதைப் பார்த்து “செடி பேசுது” என்று வீடியோ போட்டுவிடுகிறார்கள். செடிக்குள் மின்னைக் கொண்டு செல்வது அயன்கள், கம்பிக்குள் இலத்திரன்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில் செம்பு ஓயாமல் இரசாயன மாற்றம் அடையும். திரையில் அலைவது அந்தச் செம்புதான். வெள்ளியின் மேல் வெள்ளிக் குளோரைட்டுப் படலம் இருந்தால் அந்த எல்லை அமைதியாக இருக்கும்.

நகை செய்யும் பத்தரிடம் அரை மில்லிமீற்றருக்கு உட்பட்ட வெள்ளிக் கம்பி கேளுங்கள். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். கலப்பில்லாததாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எட்டு சென்ரிமீற்றரில் இரண்டு துண்டு போதும். மெல்லிய அரத்தாளால் தேய்த்து, கழுவி, நுனியில் இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் உடுப்பு வெளுக்கும் பிளீச்சில் நிற்கவிடுங்கள். முதலில் பளபளப்பு மங்கும். பிறகு சாம்பல் ஏறும். அரை மணித்தியாலத்துக்குள் ஊதாவும் கபிலமும் கலந்த ஒரு நிறத்தில் நிற்கும், நாவற்பழக் கறை காய்ந்தது போல. அந்த நிறம் கம்பியைச் சுற்றி ஒரே சீராக வந்திருக்க வேண்டும். எங்காவது வெள்ளை தெரிந்தால் மறுபடி தேய்த்துத் தொடங்குங்கள். பிளீச்சோடு தேசிக்காய்ப் புளியோ கழிவறைத் திரவமோ கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். (ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பிலிருந்து அதே குளோரினைப் பரந்தன் தொழிற்சாலையில் பிரித்தெடுத்தார்கள். இன்று பிளீச் போத்தலை வெளியிலிருந்து வாங்குகிறோம்.)

பாமசியில் ஈசிஜி எடுக்கப் பூசும் ஜெல் கிடைக்கும். கம்பியை வளையமாக்கி, காம்பை நெரிக்காமல் சுற்றி, ஒரு துளி ஜெல்லால் கம்பியையும் காம்பையும் இணையுங்கள். வளையம் அடி வீக்கத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். இரண்டாவது வளையம் தண்டின் அடியில். மூன்றாவதாக ஒரு துருப்பிடிக்காத உருக்குக் கம்பியைத் தொட்டி மண்ணில் குத்துங்கள். அதன் வேலை அடுத்த படியில் தெரியும். ஜெல் காய்ந்தால் எல்லாம் கெடும். மேலே மெல்லிதாக வஸ்லின் பூசுங்கள்.

காம்பில் ஊசி ஏற்றச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காயத்துக்கென்று செடி தனிச் சைகை அனுப்பும். அது அடங்கும்வரை நீங்கள் அளப்பது காயத்தைத்தான். வளையம் மாட்டும்போதே இலை எப்படியும் சுருங்கிவிடும். அரை மணித்தியாலம் விட்டுவிட்டுப் போய்த் தேநீர் குடியுங்கள்.

படி 3: விரியலாக்கி

செடியின் மேற்பரப்பில் கிடைக்கும் சைகை சில பத்து மில்லிவோல்ற். அது வரும் வழியின் தடையோ மிகப் பெரியது. அர்டுயினோவை நேரே இணைத்தால் சைகை வழியிலேயே கரைந்துவிடும். ஏடி 620 இதற்கு ஏற்றது. அதன் உள்ளீட்டுத் தடை பத்து கிகா ஓம் அளவில் இருக்கிறது. செடிக்கு அது இருப்பதே தெரியாது.

இரண்டு 9 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணையுங்கள். நடுச்சந்திதான் சுற்றின் நிலம் (கிரவுண்ட்). மேல் முனை சிப்பின் 7ஆம் காலுக்கு, கீழ் முனை 4ஆம் காலுக்கு. காம்பு மின்வாய் 2ஆம் காலுக்கு, தண்டு மின்வாய் 3ஆம் காலுக்கு. சைகை கடக்கும்போது அந்த இடம் மறையாகும் (நெகடிவ்); இப்படி இணைத்தால் திரையில் கோடு மேலே எழும், பார்க்கச் சுகம். மண்ணில் குத்திய கம்பி நிலத்துக்கு. அது இல்லாவிட்டால் சிப்பின் உள்ளே போகும் நுண்ணிய மின்னோட்டம் திரும்பி வர வழியின்றி வெளியீடு ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

1ஆம், 8ஆம் கால்களுக்கிடையே 5.6 கிலோ ஓம் தடையி. இதன் சூத்திரம் 1 + (49.4 ÷ கிலோ ஓம்). ஆகவே பெருக்கம் ஏறத்தாழ 10. ஆயிரம் மடங்கு வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. இரு மின்வாய்களுக்கும் இடையே எப்போதும் சில பத்து மில்லிவோல்ற் நிரந்தர வித்தியாசம் இருக்கும். ஆயிரத்தால் பெருக்கினால் அதுவே பற்றரியின் எல்லையைத் தாண்டிவிடும்.

அர்டுயினோ மறை வோல்ற்றளவை வாசிக்காது. ஆகவே வெளியீட்டை 2.5 வோல்ற்றில் தூக்கி நிறுத்த வேண்டும். அர்டுயினோவின் 5 வோல்ற்றை இரண்டு 10 கிலோ ஓம் தடையிகளால் பாதியாக்கி, டிஎல் 072 சிப்பின் ஒரு பாதியைத் தாங்கியாக (வோல்ற்றளவை மாறாமல் கடத்தும் இடைச்சுற்று, பஃபர்) வைத்து, அதன் வெளியீட்டை ஏடி 620இன் 5ஆம் காலுக்குக் கொடுங்கள். டிஎல் 072க்கும் அதே இரண்டு பற்றரிகளே மின் கொடுக்கும். தாங்கியைத் தவிர்த்து நேரே கொடுத்தால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வரும். 6ஆம் காலிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் தடையி வழியாக அர்டுயினோவின் முதல் அனலொக் காலுக்குப் போங்கள். அந்தக் காலிலிருந்து நிலத்துக்கு 1 மைக்ரோபரட் கொள்ளளவி. இது 16 ஹேர்ட்சுக்கு மேற்பட்டதைக் குறைக்கும். அதே தடையி, வெளியீடு தவறிப்போய் 7 வோல்ற்றுக்கு ஏறினாலும் அர்டுயினோவைக் காப்பாற்றும். அர்டுயினோவின் நிலத்தைப் பற்றரி நடுச்சந்தியுடன் இணைக்க மறக்க வேண்டாம்.

சுற்றைப் பழைய பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து ரின்னை நிலத்துடன் இணையுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இந்த இரண்டு காரியமும் விலையுயர்ந்த வடிகட்டிகளைவிடப் பிரயோசனம்.

படி 4: கணினியில் காட்டுதல்

நிரல் எழுதும்போது ஒரு சின்னத் தந்திரம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன். ஒரு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையாக 20 தடவை வாசித்துச் சராசரி எடுத்தால் அலையின் மேலும் கீழும் ஒன்றையொன்று அழித்துவிடும். இப்படிக் கிடைக்கும் சராசரியை மட்டும் கணினிக்கு அனுப்புங்கள். செக்கனுக்கு 50 புள்ளி. இந்தச் செடிக்கு அது தாராளம். அர்டுயினோ மென்பொருளோடு வரும் வரைபடச் சாளரமே கோட்டைக் காட்டும்.

அர்டுயினோ ஊனோ பலகையின் வாசிப்பில் ஒரு படி 4.9 மில்லிவோல்ற். பெருக்கம் 10 என்பதால் செடியில் அது அரை மில்லிவோல்ற்றுக்குச் சமம். கடந்த பத்து செக்கன் சராசரியை அடிக்கோடாக வைத்து, புதிய புள்ளி அதைவிட 20 படி, அதாவது ஏறத்தாழ 10 மில்லிவோல்ற், விலகினால் “சைகை” என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் செடிக்கு இந்த எல்லையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு சிறிய சேர்வோ மோட்டரை இணைத்து, சைகை வரும்போது ஒரு காகிதக் கையை மடக்கச் செய்யலாம். அதுதான் செடியால் இயங்கும் உங்கள் முதல் ரோபோ. சேர்வோவுக்குத் தனியாக நான்கு பென் பற்றரி கொடுங்கள். ஒரே மின்வழங்கியில் இருந்தால், மோட்டர் திரும்பும்போது வரும் அதிர்ச்சியையே கருவி அடுத்த சைகை என்று எண்ணி, தானே தன்னை முடிவில்லாமல் இயக்கிக்கொண்டிருக்கும். ஒரு சைகைக்குப் பின் ஐந்து நிமிடம் எதையும் கவனிக்காதே என்று நிரலில் எழுதிவிடுவதும் நல்லது.

படி 5: உண்மையான சைகையா என்று பார்த்தல்

செடியைத் தொடுமுன் செடியில்லாமல் பாருங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தி நூலில் இரண்டு வளையங்களையும் மாட்டி, நூலைத் தட்டுங்கள். கோடு துள்ளினால் அது வயர் ஆடுவதால் வருவது. வயர்களை மேசையில் ஒட்டி, துள்ளல் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். இந்தச் சோதனையைக் காட்டாத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. கண்காட்சியில் நடுவராக இருக்கும் ஆசிரியர்கள் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

இப்போது செடி. மின்வாய் உள்ள காம்பின் மறு அந்தத்தில், கடைசிச் சிற்றிலையில், காய்ந்த தூரிகை நுனியால் ஒரு தடவை தொடுங்கள். சிற்றிலைகள் சோடி சோடியாக மடிந்து வருவதைப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள். திரையைப் பார்க்க இன்னொருவர் இருக்கட்டும். மடிப்பு சிறுகாம்பு முழுக்க ஓடி முடியும். ஒரு கணம் எதுவும் நடக்காது. திரையில் கோடு எழும். அதன் பிறகே காம்பு தொப்பென்று விழும். கோடு முதலில், விழுகை பிறகு. இந்த ஒழுங்கில் வந்தால் நீங்கள் பார்த்தது சைகை. விழும்போதுதான் கோடு துள்ளியது என்றால் அது அசைவின் எதிரொலியாகவும் இருக்கலாம். மெல்லத் தொட்டு மடிப்பு பாதியில் நின்றுவிட்டால், இன்னோர் இலையில் ஒரு துளி ஐஸ் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

தொட்ட இடத்துக்கும் மின்வாய்க்கும் உள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்து நேரத்தால் வகுத்தால் வேகம் வரும். செக்கனுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் அளவில் வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

ஒரு தடவை தொட்டபின் இருபது முப்பது நிமிடம் விடுங்கள். வெளியேறிய தண்ணீர் திரும்பி ஏற அவ்வளவு நேரம் வேண்டும். விடாமல் தொந்தரவு செய்தால் இன்னொன்றும் நடக்கும். 2014இல் மொனிக்கா கல்யானோ குழு தொட்டாச்சிணுங்கித் தொட்டிகளைத் திரும்பத் திரும்பச் சிறு உயரத்திலிருந்து விழுத்தியபோது, செடிகள் ஒரு கட்டத்துக்குப் பின் சுருங்குவதையே விட்டன. அதை ‘கற்றல்’ என்று சொல்லலாமா என்பதில் இன்னும் சர்ச்சை இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அந்தச் சர்ச்சை அல்ல; ஒரே செடியைப் பார்வையாளர் எல்லாருக்கும் தொட்டுக் காட்டினால் மத்தியானத்துக்குள் அது உங்களைக் கைவிட்டுவிடும் என்பதுதான். கண்காட்சிக்கு நான்கைந்து தொட்டி கொண்டு போங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வெளிமுற்றத்தில் வைக்கவும் வேண்டாம். காற்றே எல்லா இலைகளையும் மடக்கிவிடும்.

படி 6: காகித நாக்கு

இது சின்ன வேலை. தண்ணீர் பட்டதும் ‘பட்’ என்று வெடிக்கும் காய்களைப் பிள்ளைகளுக்குத் தெரியும். எச்சில் தொட்டு விளையாடுவார்கள். துணியில் ஏறிக் குத்தும் ஊசிப்புல்லின் வாலை நனைத்தால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மீண்டும் முறுகும். இரண்டும் செத்த நார். உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் ஊதுவதே இரகசியம். அமெரிக்காவில் லைனிங் யாவ் குழு 2023இல் மரச் சீவலை இப்படி முறுக்கி, மழை பட்டதும் தானாகவே மண்ணுக்குள் திருகி இறங்கும் விதைத் தாங்கியைச் செய்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: ட்ரேசிங் தாளின் ஒரு பக்கம் முழுக்க செலோரேப் ஒட்டி, ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டுங்கள். நீளவாக்கில் சில, குறுக்குவாக்கில் சில. ஆவி காட்டினால் ஒரு வகை மற்றதைவிட அதிகம் வளையும், ஏனென்றால் காகிதம் நாருக்குக் குறுக்கே அதிகம் ஊதும். அதை எடுத்து நுனியில் அலுமினியத் தாள் ஒட்டி, வளைந்ததும் இரண்டு செப்பு முனைகளைத் தொடும்படி வைத்தால் ஈர எச்சரிக்கை மணி தயார். நெல் மூடை அடுக்கிய அறையில் தொங்கவிட்டுப் பாருங்கள். நெல்லை 14 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு அடுக்கினால் என்னாகும் என்று கமக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 7: பொலித்தீன் வேர்

வேர் மண்ணுக்குள் போகும்போது அதன் உடல் நகர்வதில்லை. நுனியில் மட்டும் புதிது சேர்கிறது. ஆகவே பக்கங்கள் எதிலும் உராய்வதில்லை. 2017இல் அமெரிக்காவில் எலியட் ஹோக்ஸ், அலிசன் ஒக்கமுரா குழு இதே வழியில், உட்புறம் வெளிப்புறமாகப் புரளும் பொலித்தீன் குழாயைச் செய்து, 28 சென்ரிமீற்றரில் தொடங்கி 72 மீற்றர் வரை வளர்த்துக் காட்டியது. ஆணிப் படுக்கைக்கு மேலும் பசைக்கு நடுவிலும் அது போனது. நாம் மூன்று மீற்றரில் தொடங்கலாம்.

நாற்றுப்பை செய்யும் பொலித்தீன் குழாய்ச் சுருளில், தட்டையாக வைத்தால் 10 சென்ரிமீற்றர் அகலம் வரும் அளவை வாங்குங்கள். அதன் சுற்றளவு 20 சென்ரிமீற்றர். 63 மில்லிமீற்றர் பிவிசி குழாயின் சுற்றளவும் கிட்டத்தட்ட அதேதான். கையுறை மாதிரி பொருந்தும். ஒரு மீற்றர் பிவிசி துண்டு எடுத்து ஓர் அந்தத்தை மூடியால் ஒட்டுங்கள். மூடியில் இரண்டு துளை: ஒன்றில் பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வு, மற்றதில் மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த ரியூப். அந்த ரியூப்பை ‘ப’வைப் போல வளைத்துத் தண்ணீர் நிரப்பினால் அமுக்கமானி கிடைத்துவிடும். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 50 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் அமுக்கம் ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல்.

மூன்று மீற்றர் பொலித்தீனை வெட்டி ஒரு முனையைக் காற்றுப் போகாமல் முடிச்சுப் போடுங்கள். முடிந்த முனை முதலில் போகும்படி முழுவதையும் பிவிசிக்குள் தளர்வாகத் திணியுங்கள். திறந்த வாயைக் குழாயின் விளிம்புக்கு மேலாக வெளியே மடித்து, சைக்கிள் ரியூப் றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். விளிம்பை முன்கூட்டியே அரத்தாளால் மழுங்கடித்திருக்க வேண்டும். பொலித்தீனில் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் உராய்வு குறையும்.

இனி மெதுவாகப் பம் அடியுங்கள். முதலில் ஒன்றும் வராது. தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகும். பிறகு குழாயின் வாயில் ஒரு சின்னக் குமிழ் தள்ளும். அங்கிருந்து நுனி தன்னைத்தானே உரித்துக்கொண்டு முன்னே போகும். பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள், பக்கச்சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று மீற்றருக்குப் பத்து லீற்றர் அளவு காற்று வேண்டும். கை கொஞ்சம் வலிக்கும்.

நுனியின் தள்ளுவிசைக்கு மேல் எல்லை, அமுக்கத்தை வெட்டுமுகப் பரப்பால் பெருக்கினால் வருவது. விட்டம் 6.4 சென்ரிமீற்றர், பரப்பு 32 சதுர சென்ரிமீற்றர், அமுக்கம் 5 கிலோபாஸ்கல் என்றால் 16 நியூட்டன். ஒன்றரைக் கிலோ நிறைக்குச் சற்று மேல். பொலித்தீனைப் புரட்டவும் உராய்வுக்கும் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. 50 மைக்ரோன் பொலித்தீனை 10 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏற்ற வேண்டாம், கிழிந்துவிடும். கண்ணாடி போடாமல் முகத்தை முன்னே நீட்டவும் வேண்டாம்.

வளைக்க வேண்டுமா? வளைய வேண்டிய பக்கத்தில், பத்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சின்னக் கிள்ளு கிள்ளி ரேப் ஒட்டுங்கள். அந்தப் பக்கம் நீளம் குறைய, குழாய் அந்தப் பக்கம் திரும்பும். 1880இல் டார்வினும் மகன் பிரான்சிசும் ஆராய்ந்த, வெளிச்சத்தை நோக்கி வளையும் நாற்றிலும் இதுதான் நடக்கிறது. இருட்டுப் பக்கம் கூட நீண்டு, வெளிச்சப் பக்கம் குட்டையாக நிற்கிறது.

நுனியில் கமெரா ஒட்டலாம் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஒட்ட முடியாது. நுனி ஒவ்வொரு கணமும் வேறு பொலித்தீன். இப்போது நுனியில் இருப்பது அடுத்த கணம் பக்கச்சுவர் ஆகிவிடும். முடிச்சுப் போட்ட முனையில் உணரியைக் கட்டுவதே எளிய வழி. குழாய் முழு நீளத்துக்கும் வளர்ந்து முடிந்தபின் கடைசியாக அது வெளியே வரும். ஆகவே போக வேண்டிய தூரத்தை முன்னமே அளந்து குழாயை வெட்டிக்கொள்ளுங்கள். சேதி கொண்டுவரும் மெல்லிய வயர் பொலித்தீனின் உள்ளே, பின்னாலேயே ஓடி வரும்.

முதலில் வீதி மதகில் பழகுங்கள். பிறகு, குளம் வற்றிய காலத்தில், சிறு குளமொன்றின் துருசுக் குழாயில் முயலலாம். எங்கே அடைத்திருக்கிறது, மரவேர் எங்கே புகுந்திருக்கிறது என்று ஆளை உள்ளே அனுப்பாமல் பார்ப்பதே இதன் நோக்கம். கமக்கார அமைப்பிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரணைமடு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில் இருப்பவை. அங்கே அனுமதியில்லாமல் எதுவும் வேண்டாம். குழாய்க்குள் கையை விடாதீர்கள். பாம்பு இருக்கும்.

கண்ணிவெடியும் கீரையும்

வன்னியில் இந்தத் தலைப்பைப் பேசினால் யாராவது ஒருவர் இதைக் கேட்பார்: செடியால் மிதிவெடியைக் கண்டுபிடிக்க முடியுமா? கேள்வி நியாயமானது. 2016இல் அமெரிக்க எம்ஐடியில் மைக்கேல் ஸ்ட்ரானோ குழு, பசளிக்கீரையைப் போன்ற ஸ்பினாச் இலைக்குள் காபன் நனோகுழாய்களைச் செலுத்தியது. வெடிமருந்துகளில் இருக்கும் நைற்றோ அரோமற்றிக் சேர்வை வேர்த் தண்ணீரோடு இலைக்கு ஏறியதும், நனோகுழாய்கள் விடும் அகச்சிவப்பு ஒளி மாறியது. அதை ஒரு சிறிய கமெரா தூரத்திலிருந்தே பிடித்தது. வேருக்குத் தண்ணீர் கொடுத்து இலையில் மாற்றம் தெரியப் பத்து நிமிடம் அளவு சென்றது.

அருமையான வேலை. ஆனால் அது தொட்டியில், தெரிந்த செறிவில், ஆய்வுகூடத்தில் நடந்தது. போரில் கண்ணிவெடி புதைந்த முகமாலையில் முழந்தாளில் இருந்து ஒவ்வொரு சாணாக மண்ணைச் சுரண்டித் துப்புரவு செய்த பெண்களின் வேலைக்கு ஈடாக எந்தச் செடியும் இன்னும் வரவில்லை. ஆகவே இந்தப் பக்கம் வெளிக்கள முயற்சி எதையும் நான் இங்கே தரவில்லை, தரவும் கூடாது. ஆர்வமுள்ளவர்கள் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பக்கம் போய், தொட்டிச் செடியில் தீங்கில்லாத சேர்வைகளை வைத்துத் தொடங்கலாம்.

படி 8: மிளகாய்க்குப் போதல்

தொட்டாச்சிணுங்கி பழகுவதற்கு. பிரயோசனம் மிளகாயில் இருக்கிறது. அதே மின்வாய், அதே சுற்று. மேல் வளையத்தை இலைக்காம்பிலும் கீழ் வளையத்தை வேருக்கு மேலேயும் வைத்து, தொட்டி மிளகாய்ச் செடியை இரண்டு நாள் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். இங்கே துள்ளலைத் தேடாதீர்கள். கோடு நிமிடக்கணக்கில், மெதுவாக நகரும். ஆகவே செக்கனுக்கு 50 புள்ளி வேண்டாம், பத்து செக்கனுக்கு ஒன்று போதும். பத்து செக்கன் அடிக்கோட்டையும் நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது மெதுவான மாற்றத்தை விழுங்கிவிடும். வெயில் ஏறினாலும் கோடு நகரும், முகில் மறைத்தாலும் நகரும். எனவே பக்கத்தில் தண்ணீர் ஊற்றாத இன்னொரு தொட்டி, அதே சுற்றின் இன்னொரு பிரதியோடு, கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு கோடுகளும் சேர்ந்து நகர்ந்தால் அது வானம் செய்தது. ஒன்று மட்டும் நகர்ந்தால்தான் தண்ணீர் செய்தது.

கொப்பியில் ஒவ்வொரு வரிக்கும் நேரம், வெப்பநிலை, வெயிலா முகிலா, கடைசியாகத் தண்ணீர் ஊற்றியது எப்போது, ஜெல் கடைசியாக மாற்றியது எப்போது என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஜெல் கட்டத்தைத்தான் எல்லாரும் விடுவார்கள். ஐப்பசியில் பின்னேர இடி முழக்கம் தொடங்கினால் வயலுக்கு இழுத்திருக்கும் வயர்களை எல்லாம் மடிக்கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்; அன்றைய பதிவு போனால் போகட்டும்.